கேட்டால் சொல்வார்களா? மாத்தளைப் பதிவேடுகளும் ஒரு பொருளியல் விதியும்

1848 ஜூலை 28ஆம் திகதி மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு அரசனாக முடி சூட்டியிருந்தார்கள். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வந்த கூட்டம் அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கியது. கச்சேரியில் இருந்த வரிப் பதிவேடுகளில் சிலவற்றையும் அழித்தது. இந்தக் கடைசி விஷயத்தை வரலாற்று நூல்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடும். புரன் அப்புவின் வீரமும், ஆகஸ்ட் 8இல் அவர் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டதும், இராணுவச் சட்டத்தின் கொடுமைகளும் விரிவாகச் சொல்லப்பட வேண்டியவைதான். ஆனால் எழுத வாசிக்கத் தெரியாத பலரும் இருந்த ஒரு கூட்டத்துக்குக் கடதாசிக் கட்டுகளில் ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதும் ஒரு வரலாற்றுக் கேள்வியே. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் பின்னால் போகிறது.

எங்கட ஊர்ப் பெரியவங்க சொல்லும் ஒரு பேச்சு உண்டு: "கச்சேரிக்குப் போனா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு மகன், கேட்காததைச் சொல்லிராதே." இதைச் சிலர் நேர்மைக் குறைவாகப் பார்க்கலாம். அப்படித் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் அனுபவத்தைப் பார்க்க வேண்டும்.

துவக்கும் நாயும்

1847இல் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. அரசாங்கத்தின் கையில் பணமில்லை. தேசாதிபதி டொரிங்டன் பிரபு 1848இல் புதிய வரிகளைக் கொண்டுவந்தார். துவக்கு வைத்திருப்பவர் ஆண்டுக்கு 2 ஷிலிங் 6 பென்ஸ் கட்டி அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும். நாய் ஒன்றுக்கு 1 ஷிலிங். கடைகளுக்கும், வண்டிகளுக்கும், வள்ளங்களுக்கும் வரி. இவற்றோடு வீதிச் சட்டமும் வந்தது. 18 வயதிலிருந்து 55 வயது வரையிலான ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், அல்லது 3 ஷிலிங் கட்ட வேண்டும். முதலில் பௌத்த பிக்குகளுக்குக்கூட அதில் விலக்கு இருக்கவில்லை.

சிங்களக் கிராமவாசியை மட்டும் தொட்ட விஷயமல்ல இது. கண்டி இராச்சிய காலத்தில் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவின் கீழ் தவளம் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பொதி மாட்டில் உப்பும் கருவாடும் மலைநாட்டுக்கு வந்தன. பாக்கும் மிளகும் கரைக்குப் போயின. வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் குடும்பங்களில் பலர் கடைத் தொழிலுக்கு வந்தார்கள். ஆகவே கடை வரியும் வண்டி வரியும் எங்கட ஆட்களின் முற்றத்துக்கும் வந்து சேர்ந்தன.

வரித்தொகை ஏழைக்குப் பாரம்தான். ஆனால் தொகை மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை. சேனைப் பயிருக்கு இரவில் காவல் இருப்பவனுக்குத் துவக்கு விளையாட்டுப் பொருளல்ல. காட்டுப்பன்றியும் யானையும் வரும் நாடு இது. இன்றைக்குத் துவக்கைப் பதிந்தால் நாளைக்கு அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? 1818 கிளர்ச்சியை அடக்கிய விதம் அப்போது வாழ்ந்திருந்தவர்களுக்கு மறந்திருக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் இன்னும் புதியது. உறுதி காட்ட முடியாத காட்டு நிலமும் சேனை நிலமும் முடிக்குச் சொந்தம் என்று அது அனுமானித்தது. காட்டியவனுக்கு ஒரு நியாயம், காட்ட முடியாதவனுக்கு வேறு நியாயம் என்று பார்த்துப் பழகிய மக்கள் அவர்கள். இன்னும் பல வரிகள் வரப்போகின்றன என்ற வதந்தி அந்த ஜூலை மாதத்தில் ஊர் ஊராகப் பரவியது. வதந்தி பரவுவதற்கான மண் ஏற்கெனவே பண்பட்டிருந்தது.

தரகரின் கதை

இங்கே வரலாற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இருபதாம் நூற்றாண்டின் ஒரு பொருளியல் சிந்தனையைப் பார்ப்போம். பொறிமுறை வடிவமைப்பு என்று அதற்குப் பெயர். ஒவ்வொருவர் மனதிலும் மற்றவருக்குத் தெரியாத ஒரு தகவல் இருக்கும்போது, எந்த விதிகளை வகுத்தால் நியாயமான முடிவு கிடைக்கும் என்று அது கேட்கிறது. இந்தத் துறைக்கு அடித்தளமிட்ட லியோனிட் ஹர்விச், எரிக் மாஸ்கின், ரோஜர் மையர்சன் ஆகிய மூவருக்கும் 2007இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. துறையின் நடுத்தூணாக இருப்பது வெளிப்படுத்தல் கோட்பாடு. 1973இல் அலன் கிப்பார்டின் ஆய்வில் அதன் முதல் வடிவம் தெரிந்தது. 1979ஐ ஒட்டிய ஆண்டுகளில் மையர்சன் உட்படப் பலர் அதை விரித்தார்கள்.

அதை மாத்தளை மிளகை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். மிளகு விற்க வந்தவருக்கு மனதில் ஒரு கடைசி விலை இருக்கிறது, அதற்குக் கீழே கொடுக்க மாட்டார். வாங்க வந்தவருக்கும் ஒரு கடைசி விலை இருக்கிறது, அதற்கு மேலே போக மாட்டார். இரண்டு பேரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் கூட்டிச் சொல்வார், மற்றவர் குறைத்துச் சொல்வார். எழும்பிப் போவதுபோலக் காட்டித் திரும்பி வருவார்கள். கடைசியில் ஒரு விலை தரிக்கும், அல்லது வியாபாரம் முறியும்.

இப்போது ஒரு தரகர் வருகிறார். இரண்டு பேரிடமும் இப்படிச் சொல்கிறார்: "உங்கட உண்மையான விலையை என்ட காதில மட்டும் சொல்லுங்க. அந்த விலை மனசில இருந்தா நீங்க எப்படிப் பேரம் பேசியிருப்பீங்களோ, அதே பேரத்தை நான் உங்களுக்காகப் பேசித் தாறேன்." தரகர் சொன்னபடி நடந்தால், அவரிடம் பொய் சொல்வதால் யாருக்கு என்ன இலாபம்? உங்கள் தந்திரத்தை அவர் ஏற்கெனவே உங்களுக்காகப் பயன்படுத்துகிறார். அவரிடம் பொய் சொல்வது உங்களுக்கு நீங்களே பொய் சொல்வதாகும். ஆகவே எவ்வளவு சிக்கலான பேரத்தின் முடிவையும், உண்மையை நேரடியாகக் கேட்கும், உண்மை சொல்வதே ஆதாயமாக இருக்கும் ஒரு முறையால் எட்ட முடியும். கோட்பாட்டின் சாரம் இவ்வளவுதான்.

இதன் பயன் பெரியது. உலகத்தில் உள்ள எல்லா ஏற்பாடுகளையும் ஒவ்வொன்றாக ஆராய வேண்டியதில்லை. உண்மை சொல்ல வைக்கும் நேரடி முறைகளை மட்டும் ஆராய்ந்தால், எது சாத்தியம், எது சாத்தியமில்லை என்று சொல்லிவிடலாம். இந்த வழியில் போய்த்தான் மையர்சனும் சாட்டர்த்வெயிட்டும் 1983இல் ஒரு கசப்பான முடிவை நிறுவினார்கள். வெளியிலிருந்து பணம் போடாமல், யாரையும் கட்டாயப்படுத்தாமல், நடக்க வேண்டிய எல்லா வியாபாரத்தையும் நடத்தி வைக்கும் முறை இரண்டு பேருக்கிடையில் பொதுவாக இல்லை. நடந்திருந்தால் இருவருக்கும் நன்மை தந்திருக்கக்கூடிய சில வியாபாரங்கள் முறியத்தான் செய்யும். சந்தையில் முறிந்த பேரமெல்லாம் யாரோ ஒருவரின் பிடிவாதத்தால் முறிந்ததல்ல.

கோட்பாடு சொல்லாததையும் கவனிக்க வேண்டும். நேரடியாகக் கேட்டால் மக்கள் உண்மை சொல்வார்கள் என்று அது சொல்லவில்லை. உண்மை சொல்பவருக்கு நட்டம் வராதபடி விதிகள் அமைந்திருந்தால் சொல்வார்கள் என்றுதான் சொல்கிறது. அப்படி அமைப்பதற்குச் செலவு உண்டு. தகவலை வைத்திருப்பவருக்கு அதற்கான பங்கைக் கொடுத்துத்தான் அதை வாங்க முடியும்.

அத்தோடு கதைக்குள் மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, தரகர் சொன்ன வாக்கை மாற்றக் கூடாது. உண்மை விலை தெரிந்த பிறகு, "இவ்வளவு கீழே வருவீர்கள் என்று தெரிந்திருந்தால்..." என்று தொடங்கக் கூடாது. இரண்டாவது, காதில் சொன்னது காதோடு இருக்க வேண்டும். மூன்றாவது, அவர் ஒருவர்தான் தரகராக இருக்க வேண்டும். சொன்ன உண்மையை வைத்து வேறொருவர் நம்மை வேறு ஓர் இடத்தில் பிடிக்கக் கூடாது. இந்த நிபந்தனைகள் உடையும்போது கோட்பாட்டின் வாக்குறுதியும் உடைகிறது. பிற்காலப் பொருளியலாளர்கள் இதைத் தனித் துறையாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். இன்றைக்குத் தன் திறமையை முழுதாகக் காட்டிய தொழிலாளிக்கு நாளைக்கு வேலை அளவைக் கூட்டினால், அவன் இன்றைக்கே மெதுவாகத்தான் வேலை செய்வான். இது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

1848இல் உடைந்தது முதலாவது நிபந்தனை. துவக்கைப் பதிந்தவனுக்கு 2 ஷிலிங் 6 பென்ஸுக்கு மேல் ஒன்றும் வராது என்று உறுதி சொல்ல டொரிங்டனால் முடியவில்லை. சொல்லியிருந்தாலும் அவரைக் கட்டுப்படுத்த மாத்தளைக் குடியானவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. சட்டசபையில் அவனுக்குக் குரல் இல்லை. அடுத்த ஆண்டு வரியைக் கூட்டினால் எங்கே போய் முறையிடுவான்? ஜூலை 6இல் கண்டிக் கச்சேரிக்குத் திரண்டு போய் முறையிட்டும் பார்த்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மாத்தளைக் கச்சேரியில் பதிவேடுகள் அழிக்கப்பட்டன. கிளர்ச்சி நசுக்கப்பட்டது. பிரித்தானியப் பாராளுமன்றக் குழு விசாரித்தது. 1850இல் டொரிங்டன் பதவியை விட்டுப் போனார். புதிய வரிகளில் சில கைவிடப்பட்டன. பிக்குகளுக்கு விலக்குக் கொடுத்து வீதிச் சட்டம் மட்டும் நீடித்தது.

வயலுக்கு வந்த குத்தகைக்காரன்

நெல் வரியின் கதை இன்னும் நீண்டது. 1818 நவம்பர் பிரகடனம் கண்டி மாகாணங்களின் நெல் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாக்கியது. விசுவாசமாக இருந்த சில பகுதிகளுக்குப் பதினான்கில் ஒன்று. பத்தில் ஒன்று என்றால், பத்து எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். அது வயல்காரனுக்குத் தெரியும், அரசாங்கத்துக்குத் தெரியாது.

அரசாங்கம் கண்ட வழி ஏலம். ஒரு பகுதியில் வரி அறவிடும் உரிமையை ஏலத்தில் விடும். கூடக் கேட்டவன் குத்தகைக்காரன். அந்தப் பகுதியில் எவ்வளவு விளையும் என்று குத்தகைக்காரர்கள் மனதில் வைத்திருந்த கணக்கு ஏலப் போட்டியில் வெளியே வந்துவிடும். மேல்மட்டத்தில் இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் உண்மையைத் தேடும் தொல்லை அதனால் மறையவில்லை, வயல் வரப்புக்கு இறங்கியது. அறுப்புக்கு முன்னால் குத்தகைக்காரனுக்கு அறிவிக்க வேண்டும். அவன் வந்து பயிரைப் பார்த்து மதிப்பிட வேண்டும். விளைந்த நெல் கொட்டிக்கொண்டிருக்கும்போது அவன் ஒரு வாரம் பிந்தி வந்தால் நட்டம் யாருக்கு? அவன் கூடச் சொன்ன மதிப்பை மறுத்து வழக்குப் போட யாருக்கு வசதி? வயல்காரன் மறைத்தான், குத்தகைக்காரன் மிகைப்படுத்தினான். இருவருக்கும் நடுவில் நம்பத்தக்க தரகர் ஒருவர் இருக்கவில்லை.

பிறகு அரசாங்கம் எதிர்த்திசைக்குப் போனது. சராசரி விளைச்சலைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் ஒரே தொகையைப் பணமாகக் கட்டும் முறை வந்தது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. இதில் ஒவ்வொரு போகமும் யாரிடமும் உண்மை கேட்கத் தேவையில்லை, ஆகவே பொய்க்கும் இடமில்லை. ஆனால் உண்மையைக் கேட்காத முறை கஷ்டத்தையும் கேட்காது. மழை பொய்த்த ஆண்டிலும் அதே தொகைதான். கட்டாதவனின் வயல் ஏலத்துக்குப் போனது. 1880களில் வலப்பனையிலும் ஹேவாஹெட்டையிலும் இப்படிக் காணியிழந்த குடும்பங்களின் துயரம் இலங்கையிலும் இங்கிலாந்திலும் பெரிய விவாதமானது. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் அந்தச் சாவுகளைப் பற்றி வெளிப்படையாக எழுதியவர்களில் ஒருவர். கடைசியில் தேசாதிபதி ஹெவ்லொக் காலத்தில், 1892இல், நெல் வரி ஒழிக்கப்பட்டது.

பதிவில் இல்லாத அந்தேக்காரன்

சுதந்திரத்துக்குப் பிறகு, நல்ல நோக்கத்தோடு வந்த ஒரு சட்டத்திலும் இதே கேள்வி எழுந்தது. பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் குத்தகைக் குடியானவனுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வந்தது. கண்டிப் பிரதேசங்களில் அந்தே முறை பரவலாக இருந்தது. விளைச்சலில் பாதி உழுதவனுக்கு, பாதி வயல் சொந்தக்காரனுக்கு. இந்தக் குத்தகையைக் குறைக்கவும், வயலிலிருந்து எழுப்ப முடியாத, பிள்ளைகளுக்கும் போகும் உரிமையைக் கொடுக்கவும் சட்டம் முயன்றது. பயிர்ச்செய்கைக் குழுக்கள் ஊர் ஊராக நெற்காணிப் பதிவேடுகளைத் தயாரித்தன.

அந்தேக்காரன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: "இந்த வயலை உழுகிறவன் நான்" என்று சொல்ல வேண்டும். பல இடங்களில் பலர் சொல்லவில்லை. சொன்னவர்களில் பலர் வயலை இழந்தார்கள். சில சொந்தக்காரர்கள் அந்தேக்காரனைக் கூலியாள் என்று எழுத வைத்தார்கள். இங்கே உடைந்தது இரண்டாவது நிபந்தனையும் மூன்றாவதும். அரசாங்கத்தின் காதில் சொன்னதை வயல்காரரும் கேட்டார். கல்யாணத்துக்குக் கைமாற்று, வருத்தம் வந்தால் உதவி, அடுத்த போகத்துக்கு விதைநெல் எல்லாம் அந்த மனிதரிடமிருந்துதான் வர வேண்டும். சட்டம் கொடுத்த கால் பங்கை அவர் வேறு கையால் திருப்பி எடுத்துவிடுவார். எங்கட ஆட்களிலும் அந்தேக்காரர்கள் இருந்தார்கள், வயல் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். ஆகவே இதில் நாம் ஒரு பக்கத்தில் மட்டும் நிற்க முடியாது.

கைபரின் ஈத்த மரங்கள்

இந்த இடத்தில் நமது மரபு வைத்திருக்கும் ஒரு முன்மாதிரியை நினைவுகூர வேண்டும். ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றிகொள்ளப்பட்டபோது, அங்கிருந்த யூதர்கள் தோட்டங்களைப் பராமரித்து விளைச்சலில் பாதியைக் கொடுப்பதென்று ஏற்பாடாயிற்று. மரத்தில் பழம் நிற்கும்போதே அதை மதிப்பிட நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரழி) அவர்களை அனுப்பினார்கள். நெல் வரிக் குத்தகைக்காரன் செய்த அதே வேலைதான், ஒருவர் வந்து பார்த்து "இவ்வளவு" என்று சொல்ல வேண்டும்.

ஆனால் இப்னு ரவாஹா (ரழி) மதிப்பைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர்கள் முன்னால் ஒரு தெரிவை வைத்தார்கள். விரும்பினால் இந்த மதிப்புக்கு நீங்களே பழத்தை எடுத்துக்கொண்டு எங்கள் பாதியைத் தாருங்கள். அல்லது நாங்கள் எடுத்துக்கொண்டு இதே மதிப்புக்கு உங்கள் பாதியைத் தருகிறோம். மதிப்பீடு 40,000 வஸக் என்றும், யூதர்கள் பழத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டு 20,000 வஸக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள் என்றும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. மதிப்பைக் குறைக்கும்படி அவர்கள் தங்கள் பெண்களின் நகைகளைக் கொடுக்க முன்வந்ததும், அவர் அதை மறுத்ததும் முவத்தாவில் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் உள்வேலையைக் கவனியுங்கள். மதிப்பிடுபவர் கூட்டிச் சொன்னால் அவர்கள் "நீங்களே எடுங்கள்" என்று விடுவார்கள், நட்டம் அவருக்கு. குறைத்துச் சொன்னாலும் நட்டம் அவருக்கே. சரியாகச் சொல்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு. தோட்டக்காரர்களிடம் "எவ்வளவு விளையும்?" என்று கேட்கவே இல்லை. அவர்கள் வைத்திருந்த தகவல் அவர்கள் செய்த தெரிவில் தெரிந்துவிட்டது. வெளிப்படுத்தல் கோட்பாட்டின்படி இதற்குச் சமமான ஒரு நேரடிக் கேள்வி முறையைத் தாளில் எழுதிவிடலாம். ஆனால் அந்த நேரடிக் கேள்விக்குப் பதில் சொல்ல, தோற்ற தரப்பு வென்ற தரப்பின் வாக்கை நம்ப வேண்டும். தெரிவு கையில் இருக்கும்போது அவ்வளவு நம்பிக்கை தேவைப்படவில்லை. தாளில் சமமாக இருக்கும் இரண்டு முறைகள் நிலத்தில் சமமாக இருப்பதில்லை. கோட்பாட்டின் எல்லை இதைவிடத் தெளிவாக எங்கே தெரியும்?

மஹல்லாவின் பட்டியல்

இது பழைய கதையாக மட்டும் இருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. இன்றைக்குக் கொங்காவலையிலும் உக்குவளையிலும் வரக்காமுறையிலும் மட்டுமல்ல, நமது எல்லா ஊர்களிலும் கூட்டு ஸகாத் பற்றிப் பேசப்படுகிறது. பள்ளி நிருவாகம் ஒரு படிவத்தை நீட்டுகிறது. கொடுப்பவரிடம் சொத்துக் கணக்குக் கேட்கிறோம். வாங்குபவரிடம் வறுமைக் கணக்குக் கேட்கிறோம். பிறகு, "எங்கட சனம் உண்மை சொல்றாங்க இல்ல" என்று கூட்டத்தில் குறைப்படுகிறோம்.

ஃபிக்ஹ் நூல்கள் செல்வத்தை இரண்டாகப் பிரித்தன. விளைச்சலும் கால்நடையும் கண்ணுக்குத் தெரியும் செல்வம். பொன், வெள்ளி, வியாபாரப் பணம் மறைவான செல்வம். உஸ்மான் (ரழி) அவர்களின் காலத்தில் மறைவான செல்வத்தின் ஸகாத்தை உரியவர்களே கணக்கிட்டுக் கொடுக்க விடப்பட்டது என்றும், மக்களின் வீட்டுக்குள் துருவிப் பார்ப்பது தொல்லையாகும் என்பது அதற்கொரு காரணம் என்றும் அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். துருவிக் கேட்பதற்கு ஒரு விலை உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தனக்கே எதிராக இருந்தாலும் உண்மைக்குச் சாட்சி சொல்லும்படி குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் அந்தக் கட்டளை சொல்பவருக்கு இருப்பதுபோலக் கேட்பவருக்கும் அமானிதம் என்ற கடமை இருக்கிறது. கேட்பவர் தன் கடமையைச் செய்யாமல் சொல்பவரின் ஈமானை மட்டும் அளந்துகொண்டிருப்பது நியாயமல்ல.

மாத்தளையின் மூன்று பதிவேடுகளும் கேட்பவருக்கு மூன்று கேள்விகளை வைக்கின்றன. இன்றைக்கு ஸகாத்துக்காகக் கேட்ட கணக்கை நாளைக்குப் பள்ளிக் கட்டட நிதிக்கும் சந்தாவுக்கும் ஆளைப் பிடிக்கப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுத்தில் கொடுக்க நமது நிருவாகங்கள் தயாரா? உதவி வாங்கும் விதவையின் பெயர், அவளுக்குக் கடன் கொடுத்த கடைக்காரருக்கும் மகளைப் பெண் கேட்டு வரும் வீட்டாருக்கும் தெரியாமல் இருக்குமா? பெயர்ப் பலகையில் பட்டியல் போட்டால் பொய்க்காரரைப் பிடிக்கலாம் என்பது உண்மைதான். அதே பலகை மானமுள்ள ஏழையைப் படிவமே வாங்காமல் வீட்டில் இருத்திவிடும் என்பதும் உண்மை. கணக்குக் கேட்காமல், கைபரில் நடந்ததுபோல ஒரு தெரிவைக் கையில் கொடுக்க முடியுமா? முழுத் தொகையையும் பொது நிதிக்குத் தருவதா, பாதியைத் தன் உறவினருக்குத் தானே கொடுப்பதா என்று ஒருவரிடம் விட்டால், "உன்ட காசு எவ்வளவு?" என்று கேட்காமலே பலர் முன்வருவார்கள்.

மாத்தளை நகரில் இன்றைக்குக் கச்சேரிக்குப் போகிறவர் 1848ஐ நினைத்துக்கொண்டு போவதில்லை. இலக்கம் எடுத்து, வரிசையில் நின்று, படிவம் நிரப்பிக் கொடுக்கிறார். ஆனால் வரிசையில் பக்கத்தில் நிற்பவர் மெதுவாகச் சொல்லித்தான் வைப்பார்: "கேட்டதுக்கு மட்டும் எழுதுங்க நானா." அந்தப் பேச்சு அரசாங்கக் கச்சேரியின் வாசலில் கேட்டால் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அல்லாஹ்வின் வீட்டு வாசலிலும் அதே பேச்சுக் கேட்கிறது என்றால், திருத்த வேண்டியது படிவத்தை நிரப்புபவரை முதலில் அல்ல.